கவர்மெண்டா, பிரைவேட்டா? நம் தெருமுனைப் பள்ளிக்கூடத்தின் கதை



போன மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். நம் வாசலில் காவலுக்கு இருக்கும் அண்ணாச்சி என்னை நிறுத்தினார்.

"சார், நீங்க வாத்தியாரா இருந்தவுக. ஒரு சந்தேகம். பேத்திய ஒண்ணாப்புல சேக்கணும். நம்ம தெருமுக்குல இருக்கே பள்ளிக்கூடம், அது கவர்மெண்டா, பிரைவேட்டா?"

"ரெண்டும்தான் அண்ணாச்சி" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அன்று மாலை மாடியில் நடக்கும்போது இதே கேள்வியை நம் குடியிருப்பில் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் கவர்மெண்ட் என்றார், இன்னொருவர் பிரைவேட் என்றார். "அதெல்லாம் டிரஸ்ட் சார்" என்றும் ஒருவர் சொன்னார். அந்தப் பள்ளியின் பெயர்ப்பலகையில் 'அரசு உதவி பெறும்' என்று எழுதியிருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் போகிறோம், ஆனால் அந்த மூன்று சொற்களுக்கு என்ன பொருள் என்று யாரும் நின்று யோசித்ததில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அப்படி ஒரு பள்ளியில் சம்பளம் வாங்கியவன் நான். அதனால் இந்த இதழில் அதைப் பற்றி எழுத ஆசிரியர் குழுவிடம் இடம் கேட்டு வாங்கினேன்.

நம் குடியிருப்பை வைத்தே ஓர் உதாரணம்

இந்தக் கட்டடம் நம்முடையது. சங்கத்தின் தலைவர், செயலர், பொருளாளர் எல்லாரும் நம் ஆட்கள். இப்போது இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காவலருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் லிப்ட் பார்ப்பவருக்கும் சம்பளத்தை நகராட்சியே மாதாமாதம் நேராக அவர்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிடும். ஆளைத் தேர்ந்தெடுப்பது நம் சங்கம். எத்தனை பேர் வைக்கலாம், என்ன தகுதி வேண்டும், என்ன சம்பளம் என்பதையெல்லாம் முடிவு செய்வது நகராட்சி. ஒருவரை வேலையிலிருந்து நீக்க வேண்டுமானால் நகராட்சியின் முன் அனுமதி வேண்டும். அவர்கள் செய்யும் வேலைக்கு நாம் யாரிடமும் இஷ்டத்துக்குக் காசு வசூலிக்கக் கூடாது.

அரசு உதவி பெறும் பள்ளி என்பது கிட்டத்தட்ட இதுதான். இடமும் கட்டடமும் நிர்வாகமும் ஒரு சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ சபைக்கோ சொந்தம். ஆசிரியர் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. பாடநூல், சீருடை, பஸ் பாஸ், மதிய உணவு எல்லாம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதுபோலவே இங்கும் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் இப்படி எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன.

1854-இல் போட்ட பிள்ளையார் சுழி

வெள்ளைக்காரன் வந்துதான் பள்ளிக்கூடம் கட்டினான் என்று நாம் நினைத்துக்கொள்வதுண்டு. அது முழுக்கச் சரியில்லை. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822-இல் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருப்பதாக அதில் தெரியவந்தது. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள்தான். ஊர்க்காரர்கள் கொடுக்கும் நெல்லிலும் காசிலும் வாத்தியார் பிழைத்தார். அரசாங்கத்துக்கு அதில் பங்கு ஏதும் இல்லை.

நம் திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளிகள் வளர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-இல். அந்தப் பள்ளிகளுக்கும் பணம் வெளியே நன்கொடையாளர்களிடமிருந்து வந்தது.

1854 ஜூலையில் லண்டனிலிருந்து சார்லஸ் உட் என்ற அமைச்சரின் பொறுப்பில் ஒரு நீண்ட அறிக்கை இந்தியாவுக்கு வந்தது. 'உட் அறிக்கை' என்று ஆசிரியர் பயிற்சித் தேர்வில் நாங்கள் மனப்பாடம் செய்தது இதைத்தான். அதன் சாரம் எளிது. எல்லா ஊரிலும் பள்ளி கட்ட அரசிடம் பணம் இல்லை. ஆகவே யார் பள்ளி நடத்தினாலும், எந்த மதத்துக்காரராக இருந்தாலும், நன்றாக நடத்தினால், அரசு அதிகாரி வந்து பார்வையிட ஒப்புக்கொண்டால், மானியம் தரலாம். அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தில் கல்வித் துறை அமைந்தது. அலெக்சாண்டர் அர்பத்நாட் அதன் முதல் இயக்குநர்.

'பணம் அரசுடையது, நிர்வாகம் தனியாருடையது, நடுவில் ஆய்வாளர்' என்ற இந்த ஏற்பாடுதான் இன்றைக்கும் நம் தெருமுனையில் நடந்துகொண்டிருக்கிறது.

நடுவில் சில விபரீதங்களும் நடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சில காலம் தொடக்கப் பள்ளிகளுக்குத் தேர்ச்சியைப் பார்த்து மானியம் கொடுத்தார்கள். ஆய்வாளர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். எத்தனை பேர் தேறினார்களோ அதற்கேற்ற மானியம். கடைசியில் ஆய்வாளர் என்ன கேட்பாரோ அதை மட்டும் உருப்போட வைப்பதே வாத்தியார் வேலை என்றாகிவிட்டது. பல வருடக் குறைகளுக்குப் பிறகே அந்த முறையைக் கைவிட்டார்கள். இன்று நூறு சதவீதத் தேர்ச்சிக்காக நடக்கும் கூத்துகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் காலம்தான் ஞாபகம் வரும்.

பிடி அரிசிப் பள்ளிக்கூடம்

மானியம் கிடைக்க முதலில் பள்ளி இருக்க வேண்டுமே, அதை யார் கட்டுவது? இங்கேதான் நம் பக்கத்து ஊர்க்காரர்களின் கதை வருகிறது.

ராஜபாளையம், திருவில்லிபுத்தூர், சிவகாசி தாண்டினால் விருதுநகர். அங்கே நாடார் வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை 'மகமை' என்று ஊர்ப் பொதுவுக்கு ஒதுக்கினார்கள். 1889-இல் சத்திரிய வித்யாசாலா என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைப்பார்கள். அதைச் சேகரித்து விற்ற பணமும் பள்ளிக்குப் போகும். அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் படித்த ஒரு பையன்தான், குடும்பச் சூழ்நிலையால் படிப்பைப் பாதியில் நிறுத்தி, பிற்காலத்தில் இந்த மாநிலத்தின் முதலமைச்சரான காமராஜர்.

அந்தக் காலத்தில் தென்மாவட்டங்களில் பல சமுதாயத்தார் இப்படித் தங்கள் பணத்தில் பள்ளி கட்டினார்கள். நோக்கம் தன் சாதிப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரசு மானியம் வாங்கியதும் கதவை எல்லாருக்கும் திறக்க வேண்டியதாயிற்று. மானியத்தோடு வந்த இந்த நிபந்தனையும் முக்கியமானது. பொதுப்பணம் உள்ளே வந்தால் பொதுமக்களும் உள்ளே வர வேண்டும்.

காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் இந்தப் பள்ளிகளுக்கு இரண்டு பெரிய பலன்கள் கிடைத்தன. 1955-இல் உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் சேமநல நிதி, ஓய்வூதியம், காப்பீடு என மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. அதுவரை தனியார் பள்ளி ஆசிரியர் ஓய்வு பெற்றால் ஒரு மாலையும் ஒரு வேட்டியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1956-இல் மதிய உணவு வந்தது. எனக்குப் பாடம் நடத்திய வாத்தியார்கள் இந்த இரண்டையும் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே எப்படி நடக்கிறது?

நம்மில் பலருக்குத் 'தாளாளர்' என்ற சொல் தெரியும், அவர் யார் என்று தெரியாது. பள்ளியை நடத்தும் சங்கமோ அறக்கட்டளையோ 'கல்வி முகமை' எனப்படும். அதன் சார்பில் கல்வித் துறையோடு கடிதப் போக்குவரத்து நடத்துபவர்தான் பழைய வழக்கில் தாளாளர். சட்டத்தில் அவர் பள்ளிக்குழுவின் செயலர்.

1973-இல் இயற்றிய தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம்தான் இதற்கெல்லாம் ஒரு வடிவம் கொடுத்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் பள்ளிக்குழு இருக்க வேண்டும், தலைமையாசிரியரும் மூத்த ஆசிரியரும் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றது. துறையின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை நீக்க முடியாது என்றும் சொன்னது. அதற்கு முன்னால் நிர்வாகியின் முகம் கோணினால் வேலை போய்விடும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவின்படி தனி உரிமைகள் உண்டு. இப்போது இந்தச் சட்டத்தின் இடத்தில் 2018-இல் இயற்றிய புதிய சட்டம், 2023-இன் விதிகளோடு நடைமுறையில் இருக்கிறது.

ஆசிரியர் பணியிடம் காலியானால் பள்ளிக்குழு ஆளைத் தேர்ந்தெடுக்கும். கல்வி அலுவலர் அந்த நியமனத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் வந்தால்தான் சம்பளம். அதற்காக மாதக்கணக்கில் காத்திருந்து, கையில் காசில்லாமல் பாடம் நடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில பள்ளிகளில் ஒரே வளாகத்துக்குள் உதவி பெறும் தமிழ் வழி வகுப்பும் கட்டணம் வாங்கும் சுயநிதி ஆங்கில வழி வகுப்பும் சேர்ந்து இருக்கும். அட்மிஷனுக்குப் போகும்போது எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அமெரிக்கா கண்டுபிடித்ததும் நாம் நிறுத்தியதும்

அமெரிக்காவில் இருக்கும் என் மகன் ஒருமுறை போனில், "அப்பா, இங்க சார்ட்டர் ஸ்கூல்னு ஒண்ணு இருக்கு. கவர்மெண்ட் காசு, நிர்வாகம் வேற ஆளு. ஃபீஸ் கிடையாது" என்று ஆச்சரியமாகச் சொன்னான். "அதுலதாம்ல உங்கப்பன் முப்பது வருஷம் வேல பாத்தேன்" என்றேன்.

அங்கே 1991-இல் மினசோட்டா மாநிலம்தான் முதலில் இதற்குச் சட்டம் போட்டது. 1992-இல் செயின்ட் பால் நகரில் சிட்டி அகாடமி என்ற முதல் சார்ட்டர் பள்ளி திறந்தது. படிப்பை விட்டுவிட்ட பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வந்து படிக்க வைத்தார்கள். பல பெருநகரங்களில் இப்போது இந்தப் பள்ளிகள் நிறைய உண்டு. 'சார்ட்டர்' என்பது ஓர் ஒப்பந்தம். இத்தனை வருடத்துக்கு இப்படி நடத்துவோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். காலம் முடிந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். சரியில்லையென்றால் புதுப்பிக்க மாட்டார்கள், பள்ளி மூடப்படும். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான், சிபாரிசு செல்லாது. நெதர்லாந்து இன்னும் பழையது. அங்கே 1917-இலேயே தனியார் நடத்தும் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் சமமான நிதி என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள்.

அமெரிக்கா இந்தக் கதவைத் திறந்த அதே காலத்தில் நாம் அதை மூடினோம். 1991–92 கல்வியாண்டிலிருந்து தொடங்கிய எந்தத் தனியார் பள்ளிக்கும், பழைய பள்ளியில் புதிதாகத் திறந்த வகுப்புக்கும் மானியம் இல்லை என்பது இங்கே சட்டம். அரசின் செலவு கட்டுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தது என்பதும் உண்மை. ஆனால் அதன் விளைவு என்ன? அன்றைய தேதிக்கு இருந்த உதவி பெறும் பள்ளிகள்தான் கடைசி. அவற்றில் ஒன்று மூடினால் அதன் இடத்தில் இன்னொன்று வராது.

ஆகஸ்டு முதல் தேதி

பள்ளிகள் ஒரே நாளில் மூடுவதில்லை. ஆகஸ்டு மாத முதல் தேதியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து அதன்படி ஆசிரியர் எண்ணிக்கையை நிர்ணயம் செய்வார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அதற்கு மேல் சுமார் 30 பேருக்கு ஒருவர். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்றால் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகளைப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் 'உபரி' ஆவார். அவரை வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் இயக்குநரின் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். ஒரு வாத்தியார் குறைந்ததைப் பார்த்துப் பெற்றோர் இன்னும் நாலு பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த ஆகஸ்டில் இன்னொரு இடம் போகும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் தொடக்கப் பிரிவில் பெஞ்சு போதாமல் தரையில் பாய் விரித்தோம். ஓய்வு பெற்ற வருடத்தில் அதே அறையில் பெஞ்சுகளை அடுக்கிவைத்திருந்தார்கள்.

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அரசுச் சம்பளத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய நான், என் இரண்டு பிள்ளைகளையும் வேனில் ஏற்றி மெட்ரிக் பள்ளிக்குத்தான் அனுப்பினேன். "உங்க பிள்ளைக இங்க படிக்கலயா சார்?" என்று ஒரு விசைத்தறிக்காரர் என்னிடம் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வருடம் அவரும் தன் மகளின் டிசி கேட்டு வந்தார்.

குறைகள் இல்லையா?

உண்டு. வேலைக்கு முயன்ற நாட்களில் ஒரு பள்ளியில் என்னிடமே 'கட்டட நிதி' என்று ஒரு தொகை கேட்டார்கள். கொடுக்க முடியாமல் திரும்பி வந்தேன். சம்பளம் பொதுப்பணம், ஆனால் தேர்வு செய்யும் உரிமை தனியார் கையில். இந்த இடைவெளியில்தான் எல்லாத் தப்பும் நுழைகிறது.

பெற்றோர் தட்டிக் கேட்க வழி இருக்கிறதா என்றால், அரைகுறையாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஆனால் உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்று 2012-இல் திருத்தம் வந்தது. கணக்குக் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. அமெரிக்க ஏற்பாட்டிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. அங்கே நிர்வாகம் சில வருடங்களுக்கு ஒருமுறை பதில் சொல்லியாக வேண்டும். இங்கே அங்கீகாரம் புதுப்பிக்கும்போது கட்டடச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கேட்பார்கள். பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பெற்றோரை உட்காரவைத்துக் கேட்பதில்லை.

அரசு பக்கமும் ஓரவஞ்சனை இருந்தது. மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவருக்கு மட்டும். உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பூக்கட்டுபவரின் மகளுக்கு அது கிடையாது. நல்லது நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. காலை உணவுத் திட்டம் 2024-இல் ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரப் பகுதிப் பள்ளிகளுக்கும் வந்தது.

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் பிள்ளைகளை நாளைக்கே அங்கே சேர்த்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. செய்யக்கூடியவை மூன்று சொல்கிறேன்.

ஒன்று, நம் குடியிருப்பில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு வழி சொல்வது. வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டும் குடும்பங்கள் நம் வாசலிலேயே இருக்கின்றன. தெருமுனையில் கட்டணமில்லாமல் ஒரு பள்ளி இருப்பதை நாம் எடுத்துச் சொல்லலாம்.

இரண்டு, அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் நம்மில் சிலர் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன் கேள்வி கேளுங்கள். எத்தனை பணியிடம், எத்தனை காலி, கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, மேலாண்மைக் குழு கடைசியாக எப்போது கூடியது?

மூன்று, ஓய்வு பெற்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். வாரத்தில் ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லிக் கொடுக்க நானும் இன்னும் இருவரும் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறோம். அனுமதி கிடைத்தால் அறிவிப்புப் பலகையில் போடுகிறோம்.

விருதுநகர் வீடுகளில் அன்றைக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். நம்மிடம் இப்போது யாரும் அரிசி கேட்கவில்லை, கொஞ்சம் கவனம் வைத்தால் போதும்.

காவல் அண்ணாச்சியின் பேத்தி ஜூன் மாதம் அங்கேதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அவள் வகுப்பில் அவளையும் சேர்த்து ஒன்பது பேர். அண்ணாச்சி இப்போது என்னைப் பார்த்தால் கேட்பது, "சார், ஆகஸ்டு கணக்குல வாத்தியார எடுத்துர மாட்டாகள்ல?" என்பதுதான். அந்த வாத்தியார் நிலைப்பதற்கு இன்னும் எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். "நாலு" என்றார்.

நம் வாசலைக் கடந்து தினமும் நாலு வேன் போகிறது.